காலி போர்டு கம்பெனி

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் வைக்க நீங்கள் எத்தனை கமிட்டி போட்டீர்கள்?

வாசு ஒரு கமிட்டியும் போடவில்லை. பையன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, "முருகேசன்னு வச்சிரலாமா?" என்று கேட்டான். உள்ளேயிருந்து மனைவி நீலா, ஆமாம் என்பதற்கு ஹைதராபாத்தில் சொல்கிற மாதிரி, "ஹவ்" என்றாள். முடிந்தது. அதனால்தான் அவன் வேலை பார்த்த நாச்சாரம் பெயிண்ட் கழகத்தில் ஜம்புநாதன் அவனைக் கூப்பிட்டு, "புதுப் பிரிவுக்குப் பேர் வைக்கப்போறோம், போர்டு நீதான் எழுதணும்" என்று சொன்னபோது, சாயந்திரத்துக்குள் எழுதிக் காயவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்துவிட்டான்.

வாசு விருதுநகர்க்காரன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு சினிமா பேனர் எழுதக் கற்றுக்கொண்டவன். நீலாவைக் கட்டிக்கொண்டு ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தான். மாமனார் சின்னசாமி ரயில்வேயில் ஃபிட்டர்; மௌலா அலியில் அவருக்குக் குவார்ட்டர்ஸ். அதில் பின்பக்கத்து அறை வாசுவுக்கும் நீலாவுக்கும். சின்னசாமி தை மாதத்தோடு ரிட்டயர் ஆகிறார். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவர் ஊருக்குப் போய்விடுவார். வாசு எங்கே போவான் என்பதுதான் அந்த வீட்டில் தினமும் சோற்றோடு பரிமாறப்பட்ட கேள்வி.

"மாப்ள, உங்க கம்பெனிக்கும் இங்கயே குவார்ட்டர்ஸ் இருக்குதில்ல? ஒண்ணு கேட்டு வாங்கறதுதானே" என்பார் சின்னசாமி.

"நிரந்தரமானாத்தான் தருவாங்க மாமா."

"எப்ப நிரந்தரம் ஆவீங்க?"

வாசு சோற்றைப் பிசைவான்.

அவன் கழகத்தில் தினக்கூலிப் பெயின்டர். 'புகை பிடிக்காதீர்', 'இங்கே எச்சில் துப்பாதீர்' என்று எழுதுவான். துப்பினால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவான்.

தக்காண வண்ணக் கழகம் என்பது சர்க்கார் நடத்திய கம்பெனி. உலகத்தில் உள்ள எல்லா நிறத்திலும் பெயிண்ட் செய்தது. விற்றது என்னவோ வெள்ளை மட்டும்தான். ஏன் இப்படி என்று ஆராய டில்லியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். கெஸ்ட் ஹவுஸில் ஒரு பருவமழை முழுக்கத் தங்கினார். தேர்தல் வருகிறது, கட்சிக்காரர்கள் சுவர் பிடிக்கிறார்கள், சுவர் பிடிக்க முதலில் வெள்ளை அடிக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெனரல் மேனேஜர் வெங்கடகிருஷ்ணன் ஊழியர்களை ஷெட்டில் கூட்டிவைத்துப் பேசினார். அவர் மெட்ராஸிலிருந்து வந்தவர். எதையும் மேடையில் நின்று சொன்னால்தான் அவருக்கே அது நிஜம் என்று தோன்றும்.

"நாம வெறும் வெள்ளையை வித்துண்டு இருந்தாப் போறாது. வெள்ளைக்கு மேல என்ன எழுதறானோ, அதையும் நாமளே எழுதித் தரணும். சுவர், பேனர், கோஷம், மைக்கு, கூட்டம், கைதட்டல் எல்லாம் ஒரே இடத்துல. எல்லாக் கட்சிக்கும். பாரபட்சமே கூடாது. இவன் வந்து அவனைத் திருடன்னு எழுதச் சொன்னா எழுதணும். அவன் வந்து இவனைத் திருடன்னு எழுதச் சொன்னா, அதே சைஸ்ல எழுதணும். அதுதான் பொதுத்துறை!"

எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்துக்கு வந்தால் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஆனா முதல்ல ஒரு பேர் வேணும். ஒரு தரம் கேட்டா ஜனங்க சாகறவரைக்கும் மறக்கக் கூடாது. அதுக்கு ஒரு குழு போட்டிருக்கேன். நானே தலைவர்."

கூட்டம் முடிந்ததும் ஜம்புநாதன் வாசுவை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் நிர்வாகத்தில் துணை மேனேஜர். குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே செகந்திராபாத்தில்தான், மூன்று தலைமுறை. நல்ல மனுஷர். எந்தக் காகிதத்தையும் கிழிக்க மாட்டார், எந்தக் காகிதத்தையும் நகர்த்தவும் மாட்டார்.

"அரே வாசு, உனக்கு நல்ல காலம்டா. புதுப் பிரிவுல ஒரு பெயின்டர் போஸ்ட் நிரந்தரமா சாங்ஷன் ஆயிடுத்து. குவார்ட்டர்ஸோட. நீதான்."

வாசுவுக்குக் கண் கலங்கியது. "எப்ப சார் ஆர்டர் தருவீங்க?"

"ஆர்டர்ல பிரிவோட பேரை எழுதணுமே. பேர் இல்லாத பிரிவுல ஆளை எப்படிடா நிரந்தரம் பண்றது? போர்டுல பேர் ஏறட்டும், அன்னிக்கே ஜி.எம். கையெழுத்து."

வாசு அன்றே வேலையைத் தொடங்கினான். பெரிய தகரப் போர்டு. துரு சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடித்து, காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, மேலே வெள்ளை பூசி, மறுபடி தேய்த்து, மறுபடி பூசி முடித்தபோது அதில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. சாக்பீஸையும் நூலையும் எடுத்து வைத்துக்கொண்டு, "பேர் என்ன சார்?" என்று போய் நின்றான்.

"குழு கூடட்டும்" என்றார் ஜம்புநாதன்.

குழு கூடியது. எத்தனை எழுத்து அடங்கும் என்று சொல்வதற்காக வாசுவையும் அளவு நாடாவோடு சுவரோரம் நிற்கச் சொன்னார்கள்.

கணக்குப் பிரிவு அதிகாரி கல்பகம் தொடங்கிவைத்தாள். "'உதயம்'னு வைக்கலாம் சார். சின்னதா, அழகா இருக்கு."

"உதயம்னா சூரியன்" என்றார் ஜி.எம். "சூரியன் ஒரு கட்சியோட சின்னம்."

"'விளக்கு'?"

ஜம்புநாதன் தேர்தல் ஆபீஸிலிருந்து வாங்கி வந்த சின்னங்களின் பட்டியலில் விரலை ஓட்டினார். "இருக்கு சார். சுயேச்சை."

"'ஏணி'?"

"இருக்கு."

பூ, மரம், மிருகம், பறவை, வண்டி, பாத்திரம் என்று எதைச் சொன்னாலும் யாராவது அதற்கு ஓட்டுக் கேட்டிருந்தார்கள். நாடு, மக்கள், ஜனம் எல்லாவற்றையும் கட்சிகள் முன்னாலேயே எடுத்துக்கொண்டுவிட்டன.

"அப்போ உலகத்துல என்னதான் சார் மிச்சம்?" என்றாள் கல்பகம்.

ஜம்புநாதன் பட்டியலை மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கடைசியில் தயங்கித் தயங்கி, "வெண்டைக்காய் பட்டியல்ல இல்லை சார்" என்றார்.

ஜி.எம். கண்ணை மூடி யோசித்தார். "இன்னிக்கு இல்லை ஓய். நாளைக்கே எவனாவது சுயேச்சை வெண்டைக்காயைக் கேட்டு வாங்கிண்டா? நாம அவனுக்குப் பிரசாரம் பண்ணினோம்னு சட்டசபையில கேள்வி வரும். யாரு பதில் சொல்றது?"

வெண்டைக்காய் நிறுத்திவைக்கப்பட்டது.

வாசு தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "சார், எந்தக் கலர்ல எழுதணும்னு சொன்னீங்கன்னா கலக்கி வச்சிருவேன்."

அது அவன் கேட்டிருக்கக் கூடாத கேள்வி. சிவப்பு ஒரு கட்சி. பச்சை ஒரு கட்சி. காவி, மஞ்சள், நீலம் எல்லாமே யாருடைய கொடியிலாவது இருந்தது. கறுப்பு துக்கம். பெயிண்ட் கழகத்தின் போர்டில் எந்த நிறமும் வரக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. சாம்பல் நிறம் மட்டும் எந்தக் கட்சிக்கும் வேண்டாமல் கிடந்தது. கழகம் அதை ஒருநாளும் செய்ததில்லை. சாம்பல் நிறப் பெயிண்ட் வெளியே வாங்க டெண்டர் விட்டார்கள்.

அன்று வாசு வீட்டுக்குப் போனதும் நீலா, "பேர் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வெண்டைக்கா வரைக்கும் வந்துச்சு. நிறுத்தி வச்சிட்டாங்க."

நீலா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை.

அடுத்த கூட்டத்தில் விஞ்ஞானம் வந்தது. ஒரு பெயர் ஞாபகத்தில் நிற்குமா என்பதைக் குருட்டாம்போக்கில் முடிவு செய்யக் கூடாது என்று ஜி.எம். சொல்லிவிட்டார். மனோதத்துவப் பேராசிரியர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் கேன்டீனில் தொழிலாளர்களை உட்காரவைத்து, குழு பொறுக்கி எடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கூட்டம் கலையக் கூடாது என்று மிளகாய் பஜ்ஜியும் டீயும் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி அவர்களை உட்காரவைத்து, அன்றைக்குக் கேட்டதில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார்.

எல்லோரும் பஜ்ஜி என்றார்கள்.

பேராசிரியர் நேர்மையானவர். உள்ளதை உள்ளபடி அறிக்கையில் எழுதிக் கொடுத்தார். பெயர்களில் எதுவும் நிற்கவில்லை. பஜ்ஜி அபாரமாக நிற்கிறது. காரம் ஒரு காரணமாக இருக்கலாம். குழு அந்த அறிக்கையை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. பரிசீலனையில் வைத்தது. அதன்பிறகு குழுவின் எல்லாக் கூட்டங்களிலும் பஜ்ஜி வைக்கப்பட்டது.

இப்படி இருக்கும்போது திறப்பு விழா வந்துவிட்டது. சேர்மன் போய் மந்திரியிடம் எப்போதோ தேதி வாங்கி வைத்திருந்தார். சேர்மன் சித்தூர்ப் பக்கத்துக்காரர். போன தேர்தலில் தோற்றதற்கு ஆறுதலாகக் கட்சி அவருக்குக் கழகத்தைக் கொடுத்திருந்தது.

"தேதிய மாத்த முடியாது" என்றார் சேர்மன். "மந்திரிகிட்டப் போயி, பேரு இல்லீங்கோ, அப்புறமா வாங்கோன்னு சொன்னா, என் பேரு இருக்காது."

"பேர் இல்லாம எதைத் திறக்கறது சார்?" என்றார் ஜம்புநாதன்.

"போர்டு இருக்குதில்ல? அதைத் திறங்கோ."

வாசு ஏணி போட்டு அந்த வெள்ளைப் போர்டைக் கேட்டுக்கு மேலே மாட்டினான். அதன்மேல் பட்டுத் திரை தொங்கியது. நாதஸ்வரம் வாசித்தார்கள். மந்திரி கயிற்றை இழுத்தார். திரை விலகியது. உள்ளே ஒன்றும் இல்லை. வெயிலில் போர்டு மட்டும் பளீரென்று மின்னியது.

மந்திரி மேலே பார்த்தார், சேர்மனைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். வாசு ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அப்போது ஜி.எம். கைதட்ட ஆரம்பித்தார். அவர் தட்டினால் எல்லோரும் தட்ட வேண்டும் என்பது கழகத்தில் எழுதாத விதி.

மந்திரி முப்பது வருஷமாக மைக்கைப் பார்த்து அசராத மனுஷர். தெலுங்கில் அருமையாகப் பேசினார்.

"இந்தப் போர்டைப் பாருங்கள். இதில் ஒரு கறை உண்டா? ஒரு எழுத்துப் பிழை உண்டா? ஏன் இல்லை? எதுவும் எழுதவில்லை, அதனால் இல்லை! பொதுவாழ்க்கையில் நானும் இப்படித்தான் இருந்து வருகிறேன். எதுவும் செய்யாதவன் மேல் யாராலும் குற்றம் சொல்ல முடியாது!"

இந்தத் தடவை நிஜமாகவே கைதட்டினார்கள்.

திறந்துவிட்ட பிறகு மூட முடியாதே. தேர்தலும் நெருங்கிவிட்டது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் மல்காஜ்கிரிப் பக்கத்து வேட்பாளர் ஒருவரின் ஆள், சலீம் பாய். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வாட்ச்மேன் யாதகிரியிடம், "காலி போர்டு கம்பெனி இதரீச் ஹை நா?" என்று, அது இங்கேதானே எனக் கேட்டார்.

யாதகிரி தலையைத் தூக்கிப் போர்டைப் பார்த்தான். மறுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. "ஹவ் சாப், இதரீச்" என்றான்.

பெயர் அப்படித்தான் பிறந்தது. தார்நாக்காவில் பஸ் கண்டக்டர்கள், "காலி போர்டு, காலி போர்டு இறங்கு" என்று கத்தினார்கள். அல்வாலிலிருந்து ஒரு கட்சி, மௌலா அலியிலிருந்து அதன் எதிர்க்கட்சி, இருவரிடமும் சண்டை போட்டுப் பிரிந்த ஒரு சுயேச்சை என்று எல்லோரும் வந்தார்கள். பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"வேற கடைக்குப் போனா போர்டுல யாரோ ஒருத்தர் கலர் இருக்கும், யாரோ ஒருத்தர் சாமி இருக்கும்" என்று சலீம் பாய் தனக்குத் தெரிந்த தமிழில் வாசுவிடம் சொன்னார். "இங்க ஒண்ணும் இல்ல. நிம்மதியா உள்ள வரலாம். க்யா தமாக் லகாயா பாய், என்ன மூளை உங்க ஜி.எம்.முக்கு!"

வாசு நாச்சாரத்துச் சுவர்களில் இரவு பகல் பார்க்காமல் எழுதினான். திருடன் என்று இந்தப் பக்கம், திருடன் என்று அந்தப் பக்கம், அதே சைஸ். யாதகிரியின் தம்பிகள் கூட்டங்களுக்கு ஆள் பிடித்தார்கள். டெலிபோன் ஆபரேட்டர் ஆரோக்கியமேரி, "ஹலோ, காலி போர்டு" என்றே போனை எடுக்க ஆரம்பித்தாள். அவளும் ரயில்வே காலனிப் பெண், நீலாவோடு படித்தவள்.

ஒருநாள் அப்படி அவள் எடுத்த போனில் பேசியது ஜி.எம்.

அவசரக் கூட்டம் கூடியது. பஜ்ஜி வந்தது, யாரும் தொடவில்லை.

"இது என்ன அநியாயம்?" என்றார் ஜி.எம். "நாம இங்க ராப்பகலா மூளையைக் கசக்கிண்டு இருக்கோம். வெளியில எவனோ ஒரு பேரை வச்சுட்டான்!"

வாசுவுக்கு ஏன் அந்தத் துணிச்சல் வந்தது என்று அவனுக்கே தெரியாது. தை மாதம் நெருங்கியதாக இருக்கலாம். "சார், ஊருக்கே அந்தப் பேர் ஞாபகம் இருக்கே. பேசாம அதையே வச்சிருங்களேன். நான் இப்பவே ஏறி எழுதிருவேன்."

ஜி.எம். அவனைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "போர்டுல 'காலி போர்டு'ன்னு எழுதினா அது எப்படிப்பா காலி போர்டு?"

வாசுவுக்குத் தலை சுற்றியது.

"அது கிடக்கட்டும்" என்றார் ஜி.எம். "பேர் வைக்கிற அதிகாரம் குழுவுக்குத்தான். ஊருக்குக் கிடையாது. ஊர் வைக்கிற பேரை எல்லாம் ஏத்துண்டா, என்னை ஊர் என்ன பேர் சொல்றதுன்னு எனக்குத் தெரியாதா?"

கல்பகம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுவாரம் வாசுவுக்கு மெமோ வந்தது. போர்டைக் காலியாக வைத்திருந்ததன் மூலம் அங்கீகாரம் இல்லாத ஒரு பெயர் பொதுமக்கள் மனதில் பதியக் காரணமாக இருந்ததற்காக அவன்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

அதை வீட்டில் நீலா உரக்க வாசித்தாள். சின்னசாமி பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். சட்டி பானைகளை மூட்டை கட்ட அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார் என்பது அப்புறம் தெரிந்தது.

"கைக்கூ? ஏன் இவ்ளோ பயப்படறீங்க?" என்றாள் நீலா. "எழுதினதுக்குத் திட்டினா சரி. எழுதாததுக்குமா?"

"நீ ஒண்ணு. இதை வச்சே என்னைய நிறுத்திட்டாங்கன்னா? பிள்ளையத் தூக்கிக்கிட்டு விருதுநகர்ல போயி எங்கண்ணன் வீட்டு வாசல்ல நிக்கணும்."

"நக்கோ, அதெல்லாம் வேணாம்" என்றாள் நீலா. அவள் ஒரு தரம் நக்கோ என்றால் அது நக்கோதான்.

எண்பத்திமூன்றாம் வருஷம் பிறந்தது. ஓட்டுப் போட்டு முடிந்தது. இனி எழுதச் சுவரும் இல்லை, வருவதற்கு ஆளும் இல்லை என்ற நிலையில், தேர்தல் விளம்பரப் பிரிவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. வழி காட்டியவர் சேர்மன்.

"இந்தத் தடவை நம்ம மந்திரி ஜெயிச்சா ரொம்பப் பெரிய மந்திரி. அவரோட அம்மா பேரை வச்சிட்டோம்னா வேற ஒண்ணும் யோசிக்கத் தேவையில்ல."

"பாரபட்சம் இல்லைன்னு காட்ட வேண்டாமா சார்?" என்றார் ஜம்புநாதன்.

"அதையும் பேருலயே சேர்த்துடுங்கோ."

ஒன்றைச் சேர்த்த பிறகு மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. பேராசிரியருக்காக ஒரு சொல் சேர்ந்தது. கல்பகம் நிதி இலாகாவின் சார்பில் ஒரு சொல்லைப் போராடிச் சேர்த்தாள். கடைசியில் பெயர் இப்படி நின்றது: 'ஸ்ரீமதி ராஜ்யலக்ஷ்மம்மா நினைவு, கட்சி சார்பற்ற, அறிவியல் அடிப்படையிலான, நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்ட, ஜனநாயகத் தேர்தல் விளம்பர, சுவரெழுத்து மற்றும் கூட்டச் சேவைப் பிரிவு.'

"அருமை!" என்றார் ஜி.எம். "ஒரு தரம் கேட்டா மறக்கவே முடியாது. எங்கே, இன்னொரு தரம் சொல்றேன் கேளுங்கோ. ஸ்ரீமதி..." அதற்குமேல் அவர் காகிதத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்று மொழியிலும் எழுத வேண்டும், ஓட்டு எண்ணும் நாள் சாயந்திரம் மந்திரி ஊர்வலமாக இந்தப் பக்கம் வரும்போது போர்டு தயாராக இருக்க வேண்டும் என்று உத்தரவு. சாம்பல் பெயிண்டும் அன்றைக்குத்தான் டெண்டரில் வந்து சேர்ந்தது. மெமோவை மேலே நகர்த்தாமல் வைத்திருந்த ஜம்புநாதன், வாசுவின் ஆர்டரை டைப் அடித்து ஃபைலில் வைத்துவிட்டார். எழுத்து முடிந்ததும் ஜி.எம். வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

எண்ணும் நாள் காலையில் வாசு ஏணியில் ஏறினான். தெலுங்கை எழுதினான். இங்கிலீஷை எழுதினான். உருதுவுக்கு சலீம் பாய் வரைந்து கொடுத்த மாதிரியைப் பார்த்து, வலப்பக்கத்திலிருந்து படம் போடுவது போலப் போட்டு வந்தான். எழுத்தெல்லாம் அடங்குவதற்காக மெல்லிய பிரஷ்ஷில் பொடிப்பொடியாக எழுத வேண்டியிருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவரில் எறும்பு ஊர்ந்தது போல இருந்தது.

கேட்டில் யாதகிரியின் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் பாட்டை நிறுத்தி முடிவுகளைச் சொல்ல ஆரம்பித்தது. யாதகிரி ஏணியடிக்கு வந்தான்.

"வாசண்ணா, மந்திரி பின்னால போறாரு."

"எவ்வளவு பின்னால?"

"கண்ணுக்கே தெரியல."

வாசுவின் பிரஷ் நின்றது. போர்டில் உருது பாதிதான் ஆகியிருந்தது. மந்திரி தோற்றார் என்று ஜி.எம்.முக்குத் தெரிந்தால் இந்தப் பெயர் போச்சு. பெயர் போனால் ஆர்டர் போச்சு. ஆர்டர் போனால் விருதுநகர்.

"ஜி.எம்.முக்குத் தெரியுமா?"

"அவரு ரூம்ல ரேடியோ இல்ல. டெலிபோன்தான்."

இருவரும் டெலிபோன் அறையின் ஜன்னலைப் பார்த்தார்கள். உள்ளே ஆரோக்கியமேரி காதில் மாட்டியதைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். பலகையில் விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தன. காலையிலேயே நீலா வந்து அவளிடம் பேசிவிட்டுப் போயிருந்தாள். கழகத்தில் டெலிபோன் வேலை செய்யாதது யாருக்கும் சந்தேகத்தைத் தரவில்லை.

சேர்மன் மட்டும் எப்படியோ தெரிந்துகொண்டார். காரில் ஏறும்போது யாதகிரியிடம், "புதுக் கட்சித் துண்டு எந்தக் கடையிலப்பா கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாசு எழுதினான். அவசரத்தில் உருதுவின் புள்ளிகள் எங்கெங்கோ விழுந்தன. அப்போது ஜம்புநாதன் ஃபைலை அணைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். டிரான்சிஸ்டர் தெலுங்கில் தெளிவாக, மந்திரி டெபாசிட் இழந்தார் என்று சொன்னது. யாதகிரி அதை அமுக்கப் போனான், நேரமாகிவிட்டது.

ஜம்புநாதன் வாசுவைப் பார்த்தார். வாசு ஏணியிலிருந்து அவரைப் பார்த்தான். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிற மனுஷர் தொண்டையைச் செருமினார்.

"என்னமோ சொல்றான் ரேடியோவுல" என்றார். "எனக்குத் தெலுங்கு அவ்வளவா வராது. முடிச்சுட்டியாடா?"

"கடைசி எழுத்து சார்."

"முடி. ஜி.எம்.மைக் கூட்டிண்டு வரேன்."

ஜி.எம். வந்தார். மாலை வாங்கிக்கொள்ளப் புது சூட் போட்டிருந்தார். போர்டைப் படிக்க அவர் ஏணியில் பாதி ஏற வேண்டியிருந்தது. மூக்கு உரசும் தூரத்தில் நின்று மூன்று மொழியையும் வரிவரியாகப் பார்த்தார். "பிரமாதம். ஒரு நிறுவனத்தோட கம்பீரமே பேர்லதான் இருக்கு" என்றார். இறங்கி, ஏணிப்படியில் ஃபைலை வைத்து, ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். ஜம்புநாதன் அங்கேயே முத்திரை குத்தி, காகிதத்தை வாசுவின் சட்டைப்பையில் திணித்தார். அதன்பிறகுதான் ஆரோக்கியமேரி ஸ்வெட்டரைக் கீழே வைத்தாள்.

போன் பேசிவிட்டு வந்த ஜி.எம்.முக்கு முகத்தில் ரத்தம் இல்லை.

"இந்தப் பேரை வச்சது யாரு ஓய்?"

"குழு சார்."

"குழுவுக்கு யாரு தலைவர்?"

ஜம்புநாதன் மரியாதைக்காகத் தரையைப் பார்த்தார்.

"எடுங்கோ, எல்லாத்தையும் ரத்து பண்ணுங்கோ! பேரு, போர்டு, இவனோட ஆர்டரு, எல்லாத்தையும்! புது மந்திரி வந்து பாத்தா நான் என்ன ஆறது?"

ஜம்புநாதன் ஃபைலைப் புரட்டினார். நிதானமாகப் புரட்டினார். "பேரையும் போர்டையும் ரத்து பண்ணிடலாம் சார். ஆனா இவனோட ஆர்டரை ரத்து பண்ணணும்னா, இன்ன பிரிவுல இன்னாரைப் போட்டதை ரத்து செய்றோம்னு எழுதணும். பிரிவோட பேரை எழுதாம எழுத முடியாது. இனிமே அந்தப் பேரை எழுதி யாரு சார் கையெழுத்துப் போடறது? நீங்க போடறேளா?"

ஜி.எம். போர்டை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

"அதை மட்டும் விட்டுடுங்கோ" என்றார். "மத்ததுக்கு ஒரு புதுக் குழு போடணும்."

வாசு வீட்டுக்குப் போனபோது சின்னசாமி அட்டைப்பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வாசு ஆர்டரை எடுத்து நீலாவிடம் நீட்டினான். அவள் பிரிவின் பெயர் வரைக்கும் படித்தாள், மூச்சு வாங்கினாள், மிச்சத்தையும் படித்தாள்.

"நிரந்தரம்னு போட்டிருக்காங்களா?" என்றார் சின்னசாமி.

"ஹவ்" என்றாள் நீலா.

மறுநாள் காலை, நிரந்தரப் பெயின்டராக வாசு செய்த முதல் வேலை அந்தப் போர்டுக்கு வெள்ளை அடித்தது. அது காய்வதற்குள் முனிசிபல் தேர்தலுக்கு விலை விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை.